பட்டறைப் பக்கம்: பத்து கிலோமீட்டரில் நின்றுபோகும் அம்பாசடர்

கேள்வி: எங்களிடம் அப்பா காலத்துப் பெட்ரோல் அம்பாசடர் இருக்கிறது. பத்து கிலோமீட்டர் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் கழித்துத் தானாகக் கிளம்புகிறது. பெட்ரோல் பம்ப் புதிதாக மாற்றியும் தீரவில்லை. இப்போது கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். வாரம் இருமுறை அம்மாவை டயாலிசிஸுக்கு இதில்தான் கூட்டிப் போகிறோம். என்ன செய்யலாம்?

- வாசகர், தாராபுரம்

பதில்: கார்புரேட்டருக்கு இப்போதே பணம் கொடுக்காதீர்கள். பழுது பிடிபடும் வரை அம்மாவுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அடுத்த முறை நின்றதும் பானட்டைத் திறக்க வேண்டாம். நேராகப் பின்னால் போய் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, வண்டியும் உடனே கிளம்பினால் பழுது கிடைத்துவிட்டது. பெட்ரோல் வெளியேற வெளியேற அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். மூடியில் உள்ள சிறு துளை அடைத்திருந்தாலோ, பழைய மூடி தொலைந்து துளையில்லாத மூடி போட்டிருந்தாலோ டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. நின்ற பிறகு காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால்தான் மீண்டும் ஓடுகிறது. சின்ன மூடிக்காக முழுப் பம்பையும் மாற்றியவர்கள் நிறையப் பேர்!

சத்தம் வரவில்லையா? பிளக்கில் பொறி வருகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சூடான இக்னிஷன் காயிலும் இதே போல ஏமாற்றும்.

பொறி சரியாக இருந்தால், இன்ஜின் ஆறிய பிறகு காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் விட்டு விட்டுப் பலமாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினால், பம்புக்கு வரும் குழாயைத் தனி கேனில் விட்டுப் பாருங்கள். அப்போது நன்றாக வந்தால் பம்பில் குறையில்லை. டேங்கில் துருவோ, குழாயில் அடைப்போ, ரப்பர் ஹோஸில் வெடிப்போ இருக்கிறது. டேங்க் அடியிலுள்ள துரு, ஓடும்போது உறிஞ்சு குழாயில் ஒட்டி, நின்றதும் கீழே விழுந்துவிடும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. வாயால் பெட்ரோல் இழுக்கவே கூடாது.

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதில் ஊறி இளகும். எனவே ஹோஸை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள்.

ஆயில் அளவுக்குச்சியை எடுத்து முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து ஆயிலும் ஏறியிருந்தால், பம்பின் டயாபிரம் கிழிந்து பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்குகிறது. புதுப் பம்பிலும் இது நடக்கும். ஆயிலை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

முதலில் மூடி. சத்தம் வந்ததா, இல்லையா என்று எழுதுங்கள்.