ஊருக்கு மார்க் போடுகிறவர்கள்

அக்கா மகன் போன வாரம் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் போய்த் தங்கத் தோதான உலக நகரங்கள் பத்து. வாடகை, இணைய வேகம், காபி விலை, வெயில், பாதுகாப்பு என ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். முதலிடம் லிஸ்பனுக்கு. "மாமா, நீங்க இருந்த ஊர்தானே? நானும் போயிடட்டுமா?" என்று கீழே ஒரு வரி. கோயம்புத்தூரில் உட்கார்ந்து நியூயார்க் கம்பெனிக்கு வேலை செய்கிற பையன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பற்றிக்கொண்டு வந்தது. 2023 பிப்ரவரியிலிருந்து ஏழு மாதம் லிஸ்பனில் இருந்தவன் நான். பட்டியல் சொல்கிற லிஸ்பன் என் கண்ணில் படவே இல்லை.

வாடகை மலிவாம். யாருக்கு மலிவு? அந்த ஆண்டு போர்ச்சுகலில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 760 யூரோ. 2022 அக்டோபர் 30-ஆம் தேதி அந்த அரசு தொலைதூர வேலைக்காரர்களுக்கென்று தனி விசா கொண்டுவந்தது. அதற்கு விண்ணப்பிக்கிறவர் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு, அதாவது 2023-இல் 3,040 யூரோ, மாதாமாதம் சம்பாதிக்க வேண்டியிருந்தது. அரசே எழுதிவைத்த விதி இது. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை செய்கிறவரும் அவரைப் போல் நான்கு மடங்கு சம்பாதிக்கிறவரும் ஒரே தெருவில் வீடு தேடினால் வீட்டுக்காரர் யாருக்குச் சாவி கொடுப்பார்? ஒரு ஊர் மலிவாக இருக்கிறது என்றால் அங்கே சம்பளம் குறைவு என்று அர்த்தம். அந்தக் குறைந்த சம்பளத்துக்கு இவர்கள் பத்துக்கு ஒன்பது போடுகிறார்கள். மார்க் ஏற ஏறக் கூட்டம் வருகிறது, கூட்டம் வர வர வாடகை ஏறுகிறது, பிறகு பட்டியல்காரர்கள் லிஸ்பனை இறக்கிவிட்டு இன்னொரு ஊரைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஊர்க்காரர்கள் எங்கே போவார்கள்?

பள்ளிக்கூடச் சமையற்கட்டு என்று சும்மா சொல்லவில்லை. கிராசா பகுதியில் நான் இருந்த மாடியில் எதிர்வீட்டு அம்மாவின் வேலை அதுதான். ஐம்பது வயதைத் தாண்டியவர், பதினோரு வருடமாக அதே வீடு. நான் போன மாதமே அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பழைய வாடகை ரசீதுகளோடு ரப்பர் பேண்டால் கட்டி, என் கதவைத் தட்டி நீட்டினார். நான் படித்த ஆள் என்று நினைத்திருப்பார் போலும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, ஜூன் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம். 2011-இல் நாடு கடனில் மூழ்கி 78 பில்லியன் யூரோ வாங்கியது. அந்தக் கடனின் நிபந்தனைகளை ஒட்டி மறுவருடமே வாடகைச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அந்தத் தளர்வு பத்து வருடம் கழித்து இந்த அம்மாவின் கையில் ஒரு காகிதமாக வந்து சேர்ந்திருந்தது. எங்கள் இரண்டு வீடும் ஒரே அளவு. நான் கொடுத்த வாடகை அவர் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு. அந்தக் கடிதத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பது கட்டிய ரசீதைப் படிக்கும்போதே தெரிந்துவிட்டது. ஏப்ரல் 1-ஆம் தேதி வீட்டு உரிமைக்காக ஊரே தெருவில் இறங்கியபோது நானும் அவர் பின்னால் நடந்தேன். அதனால் என் பங்கு குறைந்துவிடாது.

வெயிலுக்கும் ஒன்பது மார்க். கோடை அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழைய வீடுகளில் ஹீட்டர் வசதி கிடையாது. பிப்ரவரியில் வெளியே இருப்பதைவிட உள்ளே குளிர். அலமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம், என் தோல் பெல்ட்டில்கூடப் பச்சையாகப் பூத்திருந்தது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்தேன். இணைய வேகம் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மற்ற ஊர்களும் இதே கதைதான். பாலியில் உட்கார்ந்து நியூயார்க் கம்பெனிக்கு வேலை செய்தால் கோடைக் காலத்தில் இரவு ஒன்பது மணி முதல் விடியற்காலை ஐந்து வரை ஷிப்ட். கடற்கரையை எப்போது பார்ப்பது? சியாங் மாயில் பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை சுற்றுவட்டாரமே தீ வைத்து எரிக்கும் புகையில் மூச்சுத் திணறும். பார்சிலோனா மேயர் 2028 நவம்பருக்குள் 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களை முடித்துவிடுவதாக 2024-இல் அறிவித்தார். மெக்சிகோ சிட்டி நிர்வாகம் 2022-இல் ஏர்பிஎன்பியோடும் யுனெஸ்கோவோடும் கைகோத்து வெளிநாட்டுத் தொலைதூர வேலைக்காரர்களை வாருங்கள் என்று அழைத்தது. 2025 ஜூலையில் அதே நகரத்துக் காண்டெசா, ரோமா தெருக்களில் மக்கள் அவர்களைப் போகச் சொல்லி ஊர்வலம் போனார்கள். இதற்கெல்லாம் பட்டியலில் ஒரு கட்டம் இருக்கிறதா?

எனக்கு ஆறவே ஆறாதது பாதுகாப்புக்குப் போட்ட மார்க்தான். லிஸ்பனின் மொராரியாவில் பென்ஃபொர்மோசோ என்று ஒரு தெரு. வங்கதேசத்தவர், நேபாளிகள், நம்மவர்கள் கடை வைத்திருக்கும் தெரு. மளிகை வாங்க நான் போனதெல்லாம் அங்கேதான். 2024 டிசம்பர் 19 அன்று போலீஸ் வந்து அங்கே இருந்தவர்களை வரிசையாகச் சுவரைப் பார்த்து நிற்கவைத்துச் சோதனை போட்டது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதே நகரத்தில் மடிக்கணினியோடு வருகிற வெள்ளைக்காரருக்கு எக்ஸ்பாட் என்று பெயர், முதுகில் சாப்பாட்டுப் பை சுமக்கிற நம் நிறத்து ஆளுக்குக் குடியேறி என்று பெயர். பாதுகாப்பு மார்க்கை எந்த நிறத் தோலுக்குப் போட்டார்கள்?

வரிக்கும் அதே நியாயம்தான். ஊர்க்காரரின் வருமான வரி படிப்படியாக ஏறி 48 சதவீதம்வரை போகும். வெளியிலிருந்து வந்து குறிப்பிட்ட தொழில்களைச் செய்கிறவருக்குப் பத்து வருடத்துக்கு ஒரே வீதமாக 20 சதவீதம். 2009-இல் கொண்டுவந்த இந்தச் சலுகையை 2024-இல்தான் புதியவர்களுக்கு மூடினார்கள். அதுவரை கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிவிட்டார்கள்.

நம் கம்பெனிகளையும் சொல்ல வேண்டும். எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய் என்று சொல்லி நாற்காலி, மின்சாரம், வாடகை எல்லாவற்றையும் பையன்கள் தலையில் கட்டிவிட்டார்கள். அந்தப் பாரத்தை இறக்கிவைக்கத்தான் பையன்கள் மலிவான ஊர் தேடுகிறார்கள். கட்டுகிற வாடகையைக் கம்பெனியிடம் கேட்க வேண்டியதுதானே?

இதையெல்லாம் அக்கா மகனிடம் போனில் சொன்னேன். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு ஊர் மனசுக்குப் பிடித்திருந்தால் போ, அந்த ஊர்ப் பேச்சைப் படி, நாலு குடும்பம் வாழ்கிற தெருவில் சுற்றுலா வீட்டை எடுக்காதே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க மாமா?" என்று கேட்டான்.

ஜூன் 12 ராத்திரி, புனித அந்தோணியார் விழாவுக்கு எங்கள் வாசலில் கரியடுப்பு வைத்து மத்தி மீன் சுட்டார். உள்ளே வீடு முழுக்க அட்டைப்பெட்டி. ரொட்டித்துண்டின் மேல் மீனை வைத்து ஏறி இறங்குகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார், எனக்கு இரண்டு. மாதக் கடைசியில் ஆற்றுக்கு அக்கரையில் பரெய்ரோவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். பள்ளிக்கூட வேலைக்கு தினமும் காலையில் படகு பிடித்து வந்துகொண்டிருந்தார். ஆகஸ்டில் நான் கிளம்பும்போது அவர் கதவருகே சாவி வைக்கிற நம்பர் பூட்டுப்பெட்டி மாட்டியிருந்தது.