நாக்கின் ஆசையும் நமது கடமையும்

பால் வெட்டப் புறப்படுமுன் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர். பால் நிறுத்துவிட்டு வந்ததும் இன்னொரு கோப்பை. கிராணிமாருக்கோ மேசைக்கே வந்துவிடுகிறது. அடியில் கெட்டிப்பால் தடிப்பாக நிற்காவிட்டால் அது நமக்குத் தேத்தண்ணீராகவே தோன்றுவதில்லை. இதைக் கண்டு, "நாக்கை அடக்கத் தெரியாதவர்கள்" என்று நம்மைப் பழிப்போர் உண்டு. அவர்களுக்கு விடை கூற வேண்டியது நமது கடமை.

தோழர்களே! இந்த நாக்கு நாம் தேடிக்கொண்டதன்று. 1854 முதல் 1862 வரை மலாக்கா உட்பட இப்பகுதியெங்கும் சுற்றித் திரிந்த வாலஸ் என்பாரும், இங்கிலாந்தில் டார்வினும் தனித்தனியே கண்டறிந்த உண்மை இயற்கைத் தேர்வு. அதன்படி பார்ப்போம். ஆதி மனிதனுக்குப் பழுத்த பழமும் தேனும் எப்போதாவதுதான் கிடைத்தன. கிடைத்தபோது வயிறு நிறைய உண்டவன் பஞ்ச நாளைத் தாண்டினான். பிள்ளை குட்டி பெற்றான். இனிப்பை நாடாதவன் வமிசம் குன்றியது. எண்ணற்ற தலைமுறைகள் இப்படிக் கழிந்தபின், இனிப்புக்கு ஏங்கும் நாக்கே நமக்கு வாய்த்தது.

பூனையைப் பாருங்கள். இறைச்சி தின்றே வாழும் அதற்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதை உணர்த்தும் மரபணு பூனையிடம் பழுதாகிவிட்டதை 2005-இல் அறிஞர் கண்டனர். பினாங்குத் தாவரத் தோட்டத்துக் குரங்கோ நம்மைப் போலப் பழந்தின்னி. அதற்கும் இனிப்பென்றால் உயிர்.

நாக்கு மாறவில்லை; உலகம் மாறிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டுவரப்பட்டனர். 1910-இல் அம்முறை ஒழிந்தது. கரும்பு நின்ற நிலத்தில் ரப்பர் வந்தது. அவர்களைப் போன்றோர் சிந்திய வியர்வையால் உலகில் சீனி மலிந்தது. இன்று பேரப்பிள்ளைகள் உடம்பால் விலை கொடுக்கிறோம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. ஆறாத கால் புண், மங்கும் கண், பழுதாகும் சிறுநீரகம் ஆகியவை அதன் பின்விளைவுகள். மேடு பள்ளம் ஏறி, பட்டையின் கனம் பார்த்துக் கத்தி போடுபவனுக்குக் கண்ணும் காலுமன்றோ மூலதனம்!

ஆகவே வெட்கப்பட வேண்டாம். அதற்காக, "இயற்கை இப்படி, நாம் என்ன செய்வது?" என்று கை கட்டி நிற்பதும் தவறு. ஆசைக்குக் காரணம் கூறுவது வேறு. நியாயம் கூறுவது வேறு. நாக்குக்கு அளவு தெரியாதென்றால், நாக்கின் முன் வைப்பதை நாம்தான் அளக்க வேண்டும். அரசாங்கம் 1.7.2019 முதல் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தது. அது போதாது. வேலை செய்யும் இடத்திலேயே, சம்பளம் குறையாமல், இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேட்போம்.

கேட்குமுன் நாமே தொடங்குவோம். அடுத்த சங்கக் கூட்டத்தில் தேத்தண்ணீர் வேறு, சீனி வேறாக வைப்போம். வேண்டியவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்ளட்டும்!