சங்கமே காப்பு

என் வங்கிக் கவுண்டருக்கு வரும் ஒரகடத்துப் பெண்பிள்ளைகளிடம் ‘உடம்பு எப்படிம்மா?’ என்றால், ‘நின்னு நின்னு காலு மரத்துப்போச்சுண்ணா’ என்கிறார்கள். மன அழுத்தமா, யோகா பண்ணு என்கிறார்கள் நிபுணர்கள். கோளாறு அவள் மனசிலயாம்!

லண்டன் அரசு ஊழியர்களை ஆராய்ந்த மைக்கேல் மார்மட் குழு வேறு சொன்னது: செய்யும் வேலைமேல் தனக்கு அதிகாரம் இல்லாதவருக்கே இதயநோய் அதிகம். நாத்து நட்ட நம் அம்மாக்களுக்கும் குனிவது, நிமிர்வது ஆண்டை கையில்தானே இருந்தது?

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் விடுதிச் சாப்பாட்டால் 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். கூட வேலை செய்தவர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அப்புறம்தான் தங்குமிடமும் சாப்பாட்டறையும் தரமில்லை என்று ஆப்பிள் ஒத்துக்கொண்டது.

தோழர்களே, யோகா வேணாம்னு சொல்லல. நோயைத் தடுப்பது கூட உட்கார ஆள் இருப்பது. அதற்குப் பேர் சங்கம்.