சாவியைக் கொடுங்கள், சொத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து அக்கா பேசினார்.

"தம்பி, அப்பா இருந்தவரைக்கும் கவலை இல்லை. இனிமே சேந்தமங்கலம் வீட்டையும் கொல்லிமலைத் தோட்டத்தையும் யாருப்பா பார்த்துக்குவாங்க? நீயும் சென்னையில இருக்கே. பக்கத்து வீட்டுப் பையன் நல்லவன். அவன் பேருக்கு பவர் எழுதிக் கொடுத்துடட்டுமா?"

"எதுக்கெல்லாம் பவர், அக்கா?"

"எல்லாத்துக்கும்தான். சும்மா சும்மா வந்து போக முடியுமா?"

அந்த 'எல்லாத்துக்கும்' என்ற வார்த்தைதான் எனக்குத் திக்கென்றது.

உரிமையாளர் போய்ப் பார்க்காத நிலம், மனைவியைப் போலக் கோபித்துக்கொள்ளும் என்று வள்ளுவர் உழவு அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால், வேலைக்காகப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கும் காலம் இது. நமக்குப் பதிலாகப் போய்ப் பார்க்க ஒருவர் வேண்டும். அந்தக் காலத்தில் காரியஸ்தர் என்றார்கள், இப்போது பிராப்பர்ட்டி மேனேஜர் என்கிறோம். வேலை ஒன்றுதான்.

இந்த வேலைக்கு ஆளைச் சான்றிதழ் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. அவர் ஏற்கெனவே பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரர் ஒருவரிடமும், அங்கே குடியிருப்பவர் ஒருவரிடமும் பேசுங்கள். வாடகைக்கு ரசீது தருகிறாரா, குழாய் உடைந்தால் எத்தனை நாளில் ஆள் வருகிறது என்று கேளுங்கள். தோட்டம் என்றால் பயிர் தெரிந்தவராக இருக்க வேண்டும். நமக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

இதை எங்கள் வீடு பட்டுத்தான் கற்றது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மலையில் தோட்டம் வாங்கிய புதிதில், அங்கேயே ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பறிப்பு அன்று பச்சை மிளகு 300 கிலோ என்று அப்பாவே எழுதிவைத்தார். காய வைத்து மூட்டை கட்டி வந்தபோது 100 கிலோகூட நிறையவில்லை. "மீதி எங்கேப்பா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அந்த மனிதர் ஒன்றும் பேசவில்லை. சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறித் திரும்பிப் போய்விட்டார். பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தேறும் என்பது பிறகுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. கடைசிவரை அவரை உறுத்திய விஷயம் அது.

ஆகவே, எழுதிக்கொள்வது நம்பிக்கை இல்லாததால் அல்ல. நல்ல மனிதர்மேல் வீண் பழி விழாமல் இருக்கவும்தான்.

என்ன எழுதுவது? வாடகை வீடுகளுக்குச் சட்டமே வழி சொல்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், சொத்து மேலாளர் பற்றியும் பேசுகிறது. மேலாளரின் பெயர், அவரை நியமித்ததற்கான அத்தாட்சி, எந்தெந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்ற விவரங்களைக் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, அவசியமான பழுது பார்ப்பது, அவ்வப்போது வீட்டைப் பார்வையிடுவது, நோட்டீஸ் கொடுப்பது ஆகியவை அவருடைய வேலைகள். கவனியுங்கள், இதில் விற்பது என்ற பேச்சே இல்லை.

அடுத்தது பவர் பத்திரம். நிர்வாகத்துக்கு மட்டும் தரும் பவர் வேறு, விற்கவும் அடமானம் வைக்கவும் சேர்த்துத் தரும் பவர் வேறு. அவசரத்தில் இரண்டையும் ஒரே பத்திரத்தில் எழுதிவிடுகிறோம். பவரை மட்டும் வைத்துச் சொத்து கைமாறியதாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. ஆனால், விற்கும் அதிகாரத்தோடு பவர் வாங்கியவர் உங்கள் சார்பில் முறையாகக் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டால், அதை மீட்கக் கோர்ட் வாசலில் வருடக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். எனவே 'விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை' என்ற வரியைத் தெளிவாகச் சேருங்கள். வெளிநாட்டில் கையெழுத்திட்ட பவர் என்றால், இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

அதன்பிறகு கண்காணிப்பு. வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலும், பட்டா, சிட்டாவை வருவாய்த்துறை இணையதளத்திலும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

அக்காவும் அந்தப் பையனும் நானும் வீடியோ காலில் உட்கார்ந்து பேசினோம். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு மட்டும். வாடகை நேராக அக்காவின் என்.ஆர்.ஓ. கணக்குக்குப் போகும். 5,000 ரூபாய்க்கு மேல் செலவு என்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும். மிளகைப் பச்சையாக ஒருமுறை, காய்ந்தபின் ஒருமுறை எடை போட்டு, இரண்டுக்கும் போட்டோ அனுப்ப வேண்டும். அவனுக்கு மாதச் சம்பளம். 'நம்ம பையன்தானே' என்று இனாமாக வேலை வாங்கக் கூடாது என்பதில் அக்கா உறுதியாக இருந்தார்.

பையன் மனசு நோகுமோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு தயக்கம். எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "இப்படி எழுதியிருந்தாத்தாண்ணா எனக்கும் தைரியம். நாளைக்கு யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க முடியாதில்ல?"

எனக்குத் திண்ணையில் கிடந்த அந்தச் சாவி ஞாபகம் வந்தது.