தறப்பாள் மட்டும் கூரையாகாது

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்த, மீரியபெத்த தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் புதையுண்டன. 2023 மார்ச்சில் பூனாகலை, கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையால் பதுளை மாவட்டமெங்கும் மலைகள் இடிந்தன. இவ்வாறான வேளைகளில் வீடிழந்த குடும்பங்களின் கைக்கு வரும் நிவாரணப் பொருட்களில் தறப்பாளும் ஒன்று. அதைக் கொடுத்ததோடு உறைவிடம் கொடுத்தாயிற்று என்று கணக்கெழுதும் வழக்கத்தைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

தறப்பாள் ஒரு துணி. அதைத் தாங்கும் மரச்சட்டம் இருந்தால்தான் அது கூரை. கம்பு கிடைக்காத குடும்பம் என்ன செய்கிறது? இரண்டு மரங்களுக்கும் ஒரு வேலிக்கட்டைக்கும் இடையே தட்டையாக இழுத்துக் கட்டுகிறது. மழை பெய்ததும் நடுவில் குழி விழுந்து நீர் தேங்குகிறது. ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் கொண்ட குழியில் நான்கு அங்குலம் நீர் நின்றால் அதன் பாரம் ஏறத்தாழ 100 கிலோ. நள்ளிரவில் கயிறு அறுந்து அந்த நீர் முழுவதும் உறங்கும் பிள்ளைகள் மீது கொட்டுகிறது.

குளிர்நாடுகளில் படகு வைத்திருப்போர் மாரிகாலத்தில் அதைக் கரையேற்றித் தறப்பாளால் மூடுவார்கள். வெறுமனே மூடினால் பனியும் மழையும் தேங்கித் தறப்பாள் கிழியும் என்பதால், முதலில் படகின்மேல் முகட்டுடன் ஒரு மரச்சட்டம் கட்டி, அதன் மீதே தறப்பாளைப் போர்த்துவார்கள். ஆளில்லாத படகுக்குக் கிடைக்கும் இந்தக் கவனம் எம் குடும்பங்களுக்குக் கிடைக்க வேண்டாமா?

சட்டம் கட்டுவது பெரிய வித்தையன்று. உதவி நிறுவனங்கள் வழங்கும் தறப்பாள் பெரும்பாலும் 4 மீற்றருக்கு 5 மீற்றர், அதாவது ஏறத்தாழ 13 அடிக்கு 16 அடி. எட்டடிக் கப்புகள் மூன்றை இரண்டடி ஆழத்தில் ஒரே வரிசையில் நட்டு, அவற்றின் மேல் முகட்டு வளையை வைத்துக் கட்டுங்கள். இருபுறமும் மூன்றடிக்கு ஒன்றாகக் கைமரங்களைச் சாய்த்து நிறுத்துங்கள். இரு அந்தங்களிலும் முட்டுக்கம்பு கொடுங்கள். முகட்டிலும் கம்பு முனைகளிலும் பழைய சாக்கைச் சுற்றினால் தறப்பாள் தேய்ந்து கிழியாது. ஓரத்துளை கிழிந்துவிட்டால், ஒரு கூழாங்கல்லை உள்ளே வைத்துத் தறப்பாளோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கினால் துளையைவிட உறுதியாக நிற்கும். உள்ளே அடுப்பு மூட்ட வேண்டாம். பிளாஸ்டிக் எளிதில் தீப்பற்றும்.

இப்படிச் செங்குத்தாகச் சாய்த்துக் கட்டினால் நீர் தேங்காது. ஆனால் உள்ளே கிடைக்கும் தரை ஏறத்தாழ 14 சதுர மீற்றர்தான். ஓர் ஆளுக்கு ஆகக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் வேண்டும் என்பது நிவாரணப் பணிகளில் உலகளவில் ஏற்கப்பட்ட அளவு. குளிர் பிரதேசத்துக்கு அது 4.5 முதல் 5.5 வரை. அப்படியானால் ஒரு தறப்பாள் எம் குளிர்மலையில் மூவருக்கே போதும். ஐந்து பேருள்ள வீட்டுக்கும் ஒன்று, இருவருள்ள வீட்டுக்கும் ஒன்று என்று பங்கிடுவது சமத்துவமாகாது.

"கம்பு காட்டில் கிடைக்கும்தானே, அதையுமா கொடுக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். தோட்டத்து மரங்கள் தோட்டத்துக்குச் சொந்தம். சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாத குடும்பம் எந்த மரத்தை வெட்டும்? அனுமதியின்றி வெட்டினால் வழக்கு. ஈரம் ஊறிய சரிவில் கண்டபடி வெட்டினால் வேர்ப்பிடிப்பு தளர்ந்து அடுத்த சரிவுக்கு வழிபிறக்கும். ஆகவே தறப்பாள் கொடுப்போர் அதனுடன் கம்பு, கயிறு, ஆணி, நாலைந்து குடும்பங்களுக்கு ஒரு மண்வெட்டி, கத்தி என்பவற்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். எமது சமூகப் பணியாளர்களுக்கும் இதையே கூறுகிறோம்.

இடத் தெரிவிலும் கவனம் தேவை. கூடாரத்துக்காக மலைச்சரிவை வெட்டிச் சமதரை உண்டாக்குவது, தப்பி வந்த ஆபத்தையே மீண்டும் அழைப்பதாகும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்துவரும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவை தெரிந்தால் அங்கே ஓர் இரவும் தங்க வேண்டாம். 100 மில்லிமீற்றர் மழையில் ஒரு கூடாரத்தின் மேல் மட்டும் 1,400 லீற்றர் நீர் விழும். அதைக் கான் வெட்டி, கீழே உள்ள கூடாரத்தைத் தாக்காமல் பாதுகாப்பான ஓடைக்குக் கொண்டு சேருங்கள்.

தற்காலிகம்தானே, எதற்கு இவ்வளவு கவனம் என்று எண்ணலாம். மீரியபெத்தயில் உயிர்தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும், பின்னர் மாக்கல்தெனியவில் கைவிடப்பட்டிருந்த தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டார்கள். புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில். இரண்டு வருடங்கள்! எம் மலைநாட்டில் தற்காலிகம் என்றால் அவ்வளவு காலம். வெயிலில் தறப்பாள் நைந்துபோகும்; நல்ல சட்டம் இருந்தால் தறப்பாளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் சட்டம் உறுதியாக நிற்கிறது என்பதைக் காட்டி, "இவர்கள் வசதியாகத்தானே இருக்கிறார்கள்" என்று வீட்டையும் காணியையும் தள்ளிப்போட எவருக்கும் இடமளிக்கக் கூடாது. எனவே கூடாரம் கட்டும் அன்றே, ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும், இழந்த வீட்டின் விபரமும் கிராம உத்தியோகத்தரின் பதிவில் ஏறியிருப்பதை உறுதிசெய்யுங்கள். விண்ணப்பப் பிரதிகளைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள். பாதுகாப்பான காணி, உறுதிப் பத்திரம், வீடு ஆகிய மூன்றையும் தனித்தனியாக அல்ல, முகாமிலுள்ள எல்லோருமாகக் கேளுங்கள்.

அதுவரை விதவைத் தாயின் கூடாரத்தையும் முதியவர் கூடாரத்தையும் இளைஞர்கள் முதலில் கட்டிக் கொடுக்கட்டும். வடகீழ்ப் பருவமழைக்கு முன்னரே ஒவ்வொரு முடிச்சையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்போம்.