வவுச்சர்: ஆர் ஆரைத் தெரியிறது?



பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகுதோ, அரசாங்கக் காசும் அங்கேயே போகட்டும் என்கிறார்கள். கேக்க நியாயமாத்தான் இருக்கு. அரசுப் பள்ளிக்குப் போகும் பணத்தை வவுச்சராகப் பெற்றோர் கையில் கொடுத்தால், அவர்கள் விரும்பிய தனியார் பள்ளியில் செலவழிக்கலாமாம். அமெரிக்காவில் இது ஒரு மாநிலத்துக்குப் பின் இன்னொன்றில் சட்டமாகி வருகிறது. ஒன்ராறியோவுக்கும் இந்த யோசனை புதுசில்லை. 2001இல் மைக் ஹாரிஸ் அரசு தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு வரிச்சலுகை கொண்டுவந்தது. 2003இல் ஆட்சி மாறியதும் அது ரத்தானது. திரும்ப வராது எண்டு நான் நம்பேல்லை. பிரேசர் நிறுவனத்தின் பள்ளித் தரவரிசையைப் பார்த்து வீடு வாங்கிற ஆக்கள் நாங்கள். 'தெரிவு' எண்ட சொல் எங்கட வீடுகளில சுலபமா விலைபோகும்.

நான் சொல்ல வாறது ஒண்டுதான்: வவுச்சரில தெரிவு செய்யிறது பிள்ளை இல்லை, பள்ளிக்கூடம்.

இதன் வரலாற்றைப் பாருங்கோ. 1951இல் வேர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ரியில், 16 வயது பார்பரா ஜோன்ஸ் தலைமையில் கறுப்பின மாணவர்கள் தங்கள் பள்ளியின் கேவலமான நிலையை எதிர்த்து வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அவர்களுடைய வழக்கும் ஒன்று. கவுன்ரி என்ன செய்தது தெரியுமா? கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிட மூடுவதே மேல் என்று 1959இல் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் இழுத்து மூடியது. வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தார்கள். அதன் கட்டணத்துக்குப் பொதுப்பணத்தில் மானியமும் கொடுத்தார்கள். 1964இல் உச்ச நீதிமன்றம் தலையிடும்வரை அரசுப் பள்ளிகள் பூட்டியே கிடந்தன. மில்ரன் பிரீட்மன் வவுச்சர் பற்றிய தன் கட்டுரையை எழுதியது 1955இல். அவர்ர நோக்கம் வேறையா இருக்கலாம். ஆனா நிறவெறியருக்கு அந்தக் கருவி கச்சிதமாப் பொருந்தினது.

அது பழைய கதை எண்டு சொல்லுவினம். சரி, அரிசோனாவுக்கு வருவம். 2018இல் வவுச்சர் விரிவாக்கத்தை வாக்காளர்களில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 2022இல் சட்டமன்றம் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டது. முதலில் விண்ணப்பித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அரசுப் பள்ளியில் படித்தவர்களே இல்லை. ஏற்கனவே கட்டணம் கட்டக்கூடிய வீட்டுக்குத்தான் பொதுப்பணம் போனது. கட்டணத்தில் மிச்சத்தைக் கட்ட வழியில்லாத பிள்ளைக்கும், விசேட உதவி தேவைப்படும் பிள்ளைக்கும் 'இடமில்லை' என்று சொல்லத் தனியார் பள்ளியால முடியும். அரசுப் பள்ளியால முடியாது.

கணக்கும் எளிது. 25 பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர் போனால் மூன்று பேருக்கான காசும் போகும். ரீச்சரின் சம்பளம், பஸ், பனிக்காலத்து ஹீற்றர் ஒண்டும் குறையாது. மிச்சம் 22 பேரும்தான் அந்த நட்டத்தைச் சுமக்க வேணும்.

சந்தையில் பள்ளிகள் வங்குரோத்தும் ஆகும். 1992இல் வவுச்சர் முறைக்குப் போன சுவீடனில், 2013இல் முதலீட்டு நிதியம் ஒன்றுக்குச் சொந்தமான ஜேபி எடுகேஷன் கவிழ்ந்தபோது சுமார் 11,000 மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். சிலியில் பினோசே சர்வாதிகாரம் 1981இல் திணித்த முறையை எதிர்த்து 2006இலும் 2011இலும் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அரசுப்பணம் வாங்கும் பள்ளிகள் இலாபம் எடுப்பதையும், பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதையும் நிறுத்த 2015இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு வழி திறந்தது உங்கட வயசுக்காரர்தான்.

'வவுச்சர் வந்தா தமிழ்ப் பள்ளி கட்டலாமே?' எண்டு சில தோழர்களே கேக்கினம். ஒன்ராறியோவில் 25 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் கல்விச்சபை தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும். ஸ்காபரோவில் தமிழ் வகுப்புக்குக் கதவு திறப்பது அரசுப் பள்ளிதான். அதைப் பெருப்பிக்கக் கேப்பம். எங்களுக்கெண்டு ஒரு மூலையை வாங்கிக்கொண்டு, சோமாலிப் பிள்ளையையும் சிரியப் பிள்ளையையும் உடைஞ்ச கட்டடத்தில விட்டுட்டுப் போறது எங்கட அரசியல் இல்லை.

எங்கள் பெற்றோரில் பலர் இலங்கையின் இலவசக் கல்வியில் படித்தவர்கள். கன்னங்கரா காலத்தில், 1945இல், அது வந்தபோதும் எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. மலையகத் தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வர 1970கள் ஆனது. விடுபட்ட பிள்ளைகளையும் பொதுப் பள்ளிக்குள் கொண்டுவருவதுதான் அதற்கு மருந்தாக இருந்தது.

அடுத்த முறை வேட்பாளர் கதவு தட்டினால் இரண்டு கேள்வி கேளுங்கோ. எங்கட காசு வாங்கிற பள்ளி எந்தப் பிள்ளையையும் மறுக்காமல் சேர்க்குமா? அதன் கணக்கு பொதுமக்களுக்கு முன்னால் வருமா? 'இல்லை' எண்டா, எங்கட பதிலும் இல்லைதான். சின்ன வகுப்புகள், விசேட தேவைப் பிள்ளைகளுக்குப் போதிய உதவியாளர்கள், ஒழுகாத கூரை: பெற்றோர் கூட்டத்திலயும் கல்விச்சபைக் கூட்டத்திலயும் இந்த மூண்டையும் கேப்பம். உங்கட அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.