தோலுக்குள் உட்பகை

சென்ற வாரம் நமக்கு வந்த கடிதங்களில் ஒன்று வெகு நேரம் நம்மை வேறு வேலை பார்க்க விடவில்லை. எழுதியவர் ஓய்வு பெற்ற உபாத்தியாயர். அவருடைய பெண்ணுக்கு வயது 24. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, நிச்சயதார்த்தத்துக்கு நாள்கூடக் குறித்தாகிவிட்டது. அந்தச் சமயத்தில், பெண்ணின் கணுக்காலுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கும் சமாசாரம் பிள்ளை வீட்டாருக்கு எட்டியது. “இது இனிமேல் பரவாது என்று எழுத்து மூலம் சான்று கொண்டு வாருங்கள், பிறகு பேசிக்கொள்வோம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சான்றுக்காக அலைந்த உபாத்தியாயரிடம் யாரோ ஒருவர், இரத்தத்தில் உள்ள சில புரோட்டீன்களை அளந்து பார்த்தால் புள்ளி பரவுமா பரவாதா என்பது நிச்சயமாகத் தெரிந்துவிடும் என்று கூறினாராம். “அது மெய்தானா? மெய்யானால் கடன் வாங்கியாவது செய்துவிடுகிறேன்” என்று நம்மைக் கேட்கிறார்.

கடிதத்தின் அடியில் வேறொரு கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. “அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். இதற்கு மருந்து உண்டா என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.”

இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லுமுன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘வெண்குஷ்டம்’ என்று இதற்குப் பெயர் சூட்டியவர் யாரோ, அவர் பெண்ணைப் பெற்றவர்களுக்குச் செய்த தீங்குக்கு அளவே இல்லை. குஷ்டம் ஒரு கிருமியினால் வருவது; 1873-ல் நார்வே தேசத்து ஹான்ஸன் அக்கிருமியைக் கண்டார். குஷ்டத்தின் படையில் உணர்ச்சி மழுங்கிவிடும். வெண்புள்ளியிலோ, ஊசி குத்தினால் வலிக்கும், வெந்நீர் பட்டால் சுடும், எறும்பு ஊர்ந்தால் தெரியும். கிருமி இல்லை, ஆகவே தொட்டால் ஒட்டுவதும் இல்லை. மீனும் பாலும் ஒரே வேளையில் உண்டதால் வந்தது என்று வீட்டுக்கு வீடு சொல்லும் கதைக்கும் ஆதாரம் கிடையாது. மீனையே கண்ணால் பாராத குடும்பங்களிலும் இது வருகிறது. உலகில் உத்தேசமாக நூற்றுக்கு ஒருவருக்கு இது இருக்கிறது என்றால், நம் தெருவில் யாருக்கும் இல்லை என்று எவர் சொல்ல முடியும்?

பின் இது எதனால் வருகிறது? நமது தோலின் அடி வரிசையில் நிறமணுக்கள் என்பவை அங்கங்கே அமர்ந்து, மெலனின் என்னும் கறுப்புச் சாயத்தைக் காய்ச்சி, அண்டை அயலிலுள்ள தோலணுக்களுக்கெல்லாம் விநியோகித்து வருகின்றன. சரீரத்தில் மற்றொரு பக்கம், புகுந்த பகைவரைக் கொல்வதற்கென்றே ஏற்பட்ட ‘டி’ அணுக்கள் என்னும் சைனியம் ஒன்று உலவுகிறது. காய்ச்சல் கிருமியை ஒழிக்க வேண்டிய இந்தச் சைனியத்தில் ஒரு பிரிவு, ஏதோ ஒரு மயக்கத்தால், நிறமணுவையே பகைவன் என்று கருதிக் கொல்லத் தொடங்குகிறது. சாயம் காய்ச்சுகிறவன் போய்விட்டால் அந்த இடம் வெளுக்காமல் என்ன செய்யும்?

இதுவரையில் ஓரளவு பழைய சங்கதிதான். நேயர்கள் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த படி. தோலுக்குள் புகுந்த அந்தச் சிப்பாய் ‘இன்டர்பெரான் காமா’ என்னும் புரோட்டீன் ஒன்றைக் கக்குகிறான். அது அக்கம்பக்கத்துத் தோலணுக்களின் மேல் படுகிறது. அவற்றுக்குள்ளே ‘ஜாக்’ என்னும் பெயருடைய சேவகர்கள் அந்தச் செய்தியை உள்ளறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். உடனே தோலணுக்கள் வேறு இரண்டு புரோட்டீன்களைத் தயாரித்து வெளியே விடுகின்றன. அவற்றுக்கு வைத்தியர்கள் இட்ட பெயர் ஸி.எக்ஸ்.ஸி.எல். 9 என்றும், ஸி.எக்ஸ்.ஸி.எல். 10 என்றும். (பெயர் வைப்பதில் விஞ்ஞானிகளுக்குக் கொஞ்சமும் இரசனை இல்லை என்பது நம் நெடுநாளைய குறை.) இவ்விரண்டும் மோப்பம் போல, தொலைவில் திரியும் மற்றச் சிப்பாய்களை அதே இடத்துக்கு இழுத்து வருகின்றன. வந்தவர்கள் மறுபடியும் இன்டர்பெரானைக் கக்க, மறுபடியும் மோப்பம் கிளம்ப, புள்ளி அகன்றுகொண்டே போகிறது. இதில் பரிதாபம் என்னவென்றால், கொலைகாரரைக் கூவி அழைப்பது நிறமணுவிடம் நாள்தோறும் சாயம் வாங்கிப் பூசிக்கொண்ட அண்டை வீட்டாரே என்பதுதான்.

இது ஊகமல்ல. அமெரிக்காவில் வூஸ்டர் நகரத்திலுள்ள மாஸசூஸெட்ஸ் வைத்தியக் கல்லூரியில் ஜான் ஹாரிஸ் என்பவரும் அவர் தோழர்களும் சுண்டெலிகளுக்கு வெண்புள்ளி வரச் செய்து ஆராய்ந்தார்கள். ஸி.எக்ஸ்.ஸி.எல். 10 என்னும் புரோட்டீனை மாத்திரம் செயலற்றதாக்கியபோது புள்ளி பரவுவது நின்றது. அதற்கு மேல், முன்பே வெளுத்துப்போன எலிகளின் தோலில் நிறம் திரும்பவும் தலைகாட்டியது. இது 2014-ல் வெளியாயிற்று. பிறகு மனிதரின் புள்ளியின் மேல் சிறு கொப்புளம் எழுப்பி, அதிலுள்ள நீரைச் சோதித்தார்கள். நோய் முனைந்து நிற்கும் இடத்தில் ஸி.எக்ஸ்.ஸி.எல். 9 மிகுந்திருந்தது. புள்ளி பரவும் காலத்தில் இரத்தத்திலும் இத்தகைய புரோட்டீன்கள் ஏறுவதையும், சிகிச்சைக்குப் பின் இறங்குவதையும் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் உபாத்தியாயர் கேள்விப்பட்டது மெய்தானே என்று நேயர்கள் கேட்கலாம். பாதி மெய், ஆனால் அந்தப் பாதியை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. இந்த அளவுகள் நூறு நோயாளிகளை ஒரு பக்கமும் நூறு சுகவாசிகளை மறு பக்கமும் நிறுத்திச் சராசரி பார்ப்பவருக்கு உதவும். ஒரே ஒரு பெண்ணின் கையிலிருந்து இரத்தம் எடுத்து, அடுத்த பத்து வருஷத்துக்கு ஆரூடம் சொல்ல உதவா. மேலும் இன்டர்பெரான் வெண்புள்ளிக்கென்று தனியாகப் பிறந்ததல்ல. வைரஸ் காய்ச்சல் வந்தாலும் அது சுரக்கும். அதன் பின்னே ஸி.எக்ஸ்.ஸி.எல். 10-ம் ஏறும். பரிசோதனைக்கு முன்தினம் உபாத்தியாயரின் பெண்ணுக்கு ஜலதோஷம் பிடித்திருந்தால் கல்யாணம் நின்றுபோக வேண்டியதுதானா? தேர்ந்த தோல் வைத்தியர்கள் இன்றும் தங்கள் கண்ணையும், புற ஊதா ஒளி வீசும் ‘வுட்’ விளக்கையும், நோயாளி சொல்லும் விவரத்தையும் நம்பியே நோய் முனைந்திருக்கிறதா, தணிந்திருக்கிறதா என்று தீர்மானிக்கிறார்கள். கீறல் பட்ட இடமெல்லாம் வெளுக்கிறதா, பொடிப் பொடியாகப் புதுப் புள்ளிகள் தூவினாற்போல் தோன்றுகின்றனவா என்று பார்ப்பார்கள். இரத்தத்தில் அவர்கள் பெரும்பாலும் சோதிக்கச் சொல்வது தைராய்டு சுரப்பியின் நிலையைத்தான். வெண்புள்ளி உள்ளவர்கள் சிலருக்கு அதிலும் கோளாறு வருவதுண்டு. அந்தச் சோதனைக்கு உபாத்தியாயர் தாராளமாகச் செலவு செய்யலாம்.

பிள்ளை வீட்டார் மனத்திலுள்ள அடுத்த கேள்வி, பிறக்கும் குழந்தைக்கு வருமா என்பது. வம்சத்தின் பங்கு உண்டு. விதி போல் அல்ல. ஒரே அச்சான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு 23 என்று ஓர் ஆராய்ச்சி கண்டது. இரத்தமும் சதையும் ஒன்றான இரட்டையரிலேயே இவ்வளவுதான்.

இனி மருந்து. கார்போகி அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் காட்டும் வழக்கம் நம் நாட்டு வைத்தியத்தில் மிகப் பழையது. எகிப்திலும் நைல் நதிக்கரைச் செடி ஒன்றின் விதை இவ்விதமே பயன்பட்டது. அவ்விதையின் சத்தைப் பிரித்தெடுத்து, 1948-ல் எல் மொப்டி என்னும் எகிப்திய வைத்தியர் வெண்புள்ளிக்குக் கொடுத்தார். கார்போகியிலும் அந்தச் சத்தின் இனத்தைச் சேர்ந்த பொருளே இருக்கிறது. ஆனால் வீட்டில் தாமே பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளித்துவிடும். கொப்புளித்த இடத்தில் புதுப் புள்ளி கிளம்புவதும் உண்டு. இக்காலத்தில் 311 நானோமீட்டர் அளவுள்ள புற ஊதா ஒளியை மட்டும் பிரித்து, வாரம் இரண்டு மூன்று முறை வைத்தியசாலையில் காட்டுகிறார்கள். பொறுமை மாதக் கணக்கில் வேண்டும்.

புரோட்டீன் ஆராய்ச்சியின் பலன் 2022-ல் கைக்கு வந்தது. மேலே சொன்ன ‘ஜாக்’ சேவகர்களைக் கட்டிப்போடும் ருக்ஸோலிடினிப் என்னும் களிம்பை, 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது. சேவகன் கட்டுண்டால் செய்தி உள்ளே போகாது, மோப்பமும் கிளம்பாது. பரீட்சையில் 24 வாரம் பூசியவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்கு முகத்திலுள்ள வெளுப்பில் முக்கால் பங்கு தீர்ந்தது. வெறும் களிம்பு பூசியவர்களில் பத்துப் பேர் அளவுக்கே அப்படி ஆயிற்று. மருந்தை நிறுத்தினால் பலருக்குப் புள்ளி அதே இடத்தில் மீளுகிறது. சிப்பாய்களில் சிலர் ஊர் திரும்பாமல் தோலிலேயே குடியேறிப் பழைய பகையை நினைவில் வைத்திருப்பதே காரணம். அவர்களை அங்கிருந்து கிளப்புவது எப்படி என்பதைத்தான் இப்போது ஆராய்ந்து வருகிறார்கள்.

உபாத்தியாயருக்கு எழுதிவிட்டோம்: அத்தகைய சான்று உலகில் எந்த வைத்தியராலும் கொடுக்க முடியாது, கொடுப்பதாகச் சொல்பவரிடம் பணம் தரவேண்டாம். பெண்ணுக்குத் தனிக் காகிதத்தில் எழுதினோம். மருந்து உண்டு. முகத்தில் வேகமாகப் பலிப்பது காலில் மெல்லத்தான் பலிக்கும்; ஏனெனில் புதிய நிறமணுக்கள் ரோமக்கால்களின் அடியிலிருந்து ஏறி வரவேண்டும், காலின் கீழ்ப்பகுதியில் அவை குறைவு. புள்ளிக்குள் இருக்கும் ரோமம் கறுப்பா, வெளுப்பா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்கவும். கறுப்பாயிருந்தால் தாமதியாமல் இந்த மாதமே தோல் வைத்தியரிடம் போகவும். வெளுத்திருந்தாலும் போகலாம், காலம் சற்றுக் கூடுதலாகும். ரப்பர் செருப்பின் வார் அந்த இடத்தில் உரசுமானால் செருப்பை மாற்றவும். நெற்றிக்கு ஒட்டுப் பொட்டு வைக்கும் வழக்கமிருந்தால் அதையும் விட்டுச் சாந்துக்கு வரவும். சில பொட்டுகளின் பசையிலுள்ள இரசாயனம் நிறமணுக்களுக்கு விஷம்.